கையை விடுங்க, நடக்கட்டும்

அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் என்றால் நம் ஊரில் ஆயுசுக்கும் குழந்தைதான். முப்பது வயசு ஆளைக்கூட "உட்காருடா கண்ணா"ன்னு டிவி முன்னால் உட்கார வைக்கிறோம். அப்புறம் உடம்பு போட்டுடுச்சு, சுகர் வந்துடுச்சுன்னு புலம்பறோம். என்னங்க நியாயம் இது?

மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாப் பெரியவர்களும் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லிவிட்டது. காமர்ஸ் பாஷையில், யாருக்கும் தள்ளுபடி கிடையாது. விளையாட்டில் இவர்கள் பங்கேற்க அரசு வழிசெய்யணும்னு 2016 உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவும் சொல்லுது.

"நாங்கதான் தினம் கூட்டிட்டுப் போறோமே" என்பீர்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது உங்க வாக்கிங் மக்களே, அவருடையது இல்லை! நடையா, சைக்கிளா, பாட்டுப் போட்டு ஆட்டமா? அவர் சொல்லட்டும். ஷூ, தண்ணி பாட்டில், போகிற வழி, திரும்புகிற இடம் என வரிசையாகப் படம் ஒட்டுங்க. முடித்ததும் காலண்டரில் அவரே டிக் அடிக்கட்டும். முதலில் பக்கத்தில் நடங்க, பிறகு பத்தடி பின்னால், அப்புறம் தெருமுனையிலேயே நின்னுடுங்க. வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரை முதலில் கேளுங்க.

எங்க நோணாங்குப்பத்தில் கடலூர் ரோடு ஆபத்துதான், ஒத்துக்கறேன். உள்தெரு இருக்கே? புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டியே விடறதில்லையே?

"விழுந்துட்டா?" எழுந்திருப்பார். சைக்கிள் பழகினப்ப நீங்க விழலையா?