அயிரையைக் காட்டுங்க, புள்ளையைக் காட்டாதீங்க

"அயிரையை விட்டு விராலைப் பிடி"ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. கழக்கூட்டத்துல பொட்டி தட்டுற நாங்க நாலு பேர் அதையே கொஞ்சம் நவீனமா பண்றோம். அயிரைக்குப் பதிலா, தூண்டில் முள்ளுல முடியையும் நூலையும் சுத்தி ஒரு பொய் மீன். ஃப்ளைன்னு பேரு. டெக்னோபார்க்ல வாரம் பூரா திட்டு வாங்கிட்டு, ஞாயித்துக்கிழமை வெள்ளாயணிக் காயலுக்குக் கிளம்பிடுவோம்.

போன வாரம் கூட்டத்துல ஒருத்தர் பெரிய விரால் போட்டோவைக் காட்டி, "பாத்தீங்களா, நான் கட்டின ஃப்ளைய!"ன்னார். எங்க போட்டீங்கன்னு கேட்டா, "பார்ப்பு மேலதான்"னு கூச்சமே இல்லாம பதில். எனக்கு வந்ததே கோவம்!

பார்ப்புன்னா இங்க விரால் குஞ்சுக் கூட்டம். (தொல்காப்பியத்துல குஞ்சுக்குச் சொல்ற அதே வார்த்தை. நாம தொலைச்சிட்டோம், சேட்டன்மார் பத்திரமா வெச்சிருக்காங்க.) செவப்பா நூத்துக்கணக்குல தண்ணி மட்டத்துல உலை கொதிக்கிற மாதிரி தெரியும். கீழ அப்பனும் ஆத்தாளும் காவல். கூட்டத்துக்குள்ள எது விழுந்தாலும் பாஞ்சு அடிக்கும்.

அங்க உங்க ஃப்ளை எதுக்கு சார்?

பொடிமீன் ஃப்ளை கட்டுற வித்தையைக் கொஞ்சம் யோசிங்க. பென்சில்வேனியாக்காரர் பாப் க்ளவுசர், சஸ்குவஹானா ஆத்து பாஸ் மீனுக்காக 1987ல உருவாக்கினதுதான் க்ளவுசர் மின்னோ. நரம்பு கட்டுற வளையத்துக்குக் கொஞ்சம் பின்னாடி, முள்ளோட தண்டுல ரெண்டு ஈயக் கண். அந்த எடையில முள் தலைகீழாத் திரும்பி, கூர் மேல பாத்து நீந்தும். பாசியில சிக்குறது குறையும். வயித்துக்கு வெள்ளை முடி, முதுகுக்குக் கருப்பு முடி, நடுவுல ரெண்டு இழை மினுக்கு. நிஜப் பொடிமீனுக்கும் முதுகு கருப்பு, வயிறு வெளுப்புதானே! முடியை அள்ளி வெச்சா துடைப்பம் ஆயிடும். கம்மியா வெச்சாத்தான் தண்ணியில உயிர் வரும். இழுத்தா பாயும், விட்டா தலைகுப்புற விழும், அடிபட்ட மீன் மாதிரியே. இத்தனையும் "இது சாப்பாடு"ங்கிற ஒரே பொய்க்காக.

பசியில இருக்கிற விரால் அதை நம்பி வந்தா, அது உங்க கைவேலைக்குக் கிடைச்ச மரியாதை. பார்ப்புக்குக் காவல் நிக்கிறது பசிக்குக் கடிக்கல, புள்ளையத் தொடாதேன்னு கடிக்குது. அங்க கிழிஞ்ச துணியைக் கட்டிப் போட்டாலும் கடிக்கும்.

"திருப்பி விட்டுட்டேனே"ம்பாங்க. நீங்க போட்டோ எடுக்கிற நேரத்துல மத்த மீனுங்க குஞ்சுகளுக்குள்ள புகுந்துடும். களைச்சுப் போன தாய் திரும்பி வந்து எதைக் காக்கும்?

"ஊர்க்காரங்க ஊத்த பிடிக்கலையா?"ம்பாங்க. புது மழைக்கு முட்டை போட வயல் ஏறுற மீனைப் பிடிக்கிறதுதான் ஊத்த. கேரளாவோட 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டத்துல அதுக்கே தடை. சோத்துக்குப் பிடிக்கிறவனுக்கே தடைன்னா, பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நமக்கு மனசாட்சியாவது வேணாமா?

நானும் யோக்கியன் இல்ல. என்னோட முதல் விராலும் இப்படிப் பிடிச்சதுதான். ஊரெல்லாம் போட்டோ காட்டிட்டு, அரை மணி கழிச்சு அதே இடத்துக்கு வந்து பாத்தேன். உலை அடங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம் செவப்பா எங்க தெரிஞ்சாலும் நரம்பைச் சுருட்டிட்டு நடையைக் கட்டிடுவேன். நீங்களும் அதைச் செய்யுங்க, போதும்.

பி.கு: க்ளவுசருக்கு அமெரிக்காவுல மான்வால் முடி போடுவாங்க. இங்க ஆட்டு முடியே போதும். நம்ம நாட்டு மான் முடியில கை வெச்சா 1972 வனவிலங்குச் சட்டம் ஆப்பு வெச்சிடும் :-)