கழுத்து வழியாக ஒரு பைபாஸ்

பைபாஸ் என்றால் நமக்கு இரண்டுதான் தெரியும். ஊருக்குள் நுழையாமல் போகிற ரோடு ஒன்று. மாமனாருக்கு ஹார்ட்டில் செய்தது இன்னொன்று. மூன்றாவது ஒன்று கல்லீரலுக்குள் இருக்கிறது!

குடலிலிருந்து வருகிற ரத்தம் போர்ட்டல் வெயின் என்ற குழாய் வழியே கல்லீரலுக்குப் போய், சுத்தமான பிறகே இதயத்துக்குப் போகணும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் (சிரோஸிஸ்) உள்ளே வழி கிடைக்காது. ரத்தம் சும்மா நிற்குமா? சந்துபொந்து தேடும். உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களில் புகுந்து, அவற்றை மண்புழு மாதிரி நெளிய நெளிய வீங்கவைக்கும். ஒருநாள் ஒன்று வெடிக்கும். ரத்த வாந்தி. வாளி வாளியாக என்று சொல்வார்களே, அது.

எண்டோஸ்கோப் விட்டு ரப்பர் வளையம் மாட்டுவார்கள், மருந்து ஏற்றுவார்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் 'டிப்ஸ்'. (சர்வருக்குக் கொடுக்கிறது இல்லை சார்!) வயிற்றைக் கிழிப்பதில்லை. கழுத்து நாளத்தில் கதீட்டரை நுழைத்து, இதயத்தின் வலது மேலறையைத் தாண்டி, கல்லீரலிலிருந்து வெளியேறும் குழாய் வரை தள்ளுகிறார்கள். அங்கிருந்து எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, கல்லீரல் சதை வழியே ஊசியால் போர்ட்டல் வெயினைக் குத்திப் பிடிக்கணும். பிடித்ததும் பலூனால் வழியை அகட்டி, 8, 10 மில்லிமீட்டரில் ஒரு ஸ்டென்ட். அழுத்தம் இறங்கிவிடும்.

ஆரம்பம் என்னவோ ஒரு கைத்தவறு. செக் நாட்டுக்காரர் ஜோசஃப் ரோஷ், அமெரிக்காவில் நாய்களுக்குப் பித்தக்குழாயைப் படம் எடுக்கப் போக, ஊசி போர்ட்டல் வெயினில் இறங்கிவிட்டது. வேறொருவர் 'சே' என்று உருவியிருப்பார். இவர், ரெண்டையும் இணைத்தால் என்ன என்று யோசித்து 1969-ல் கட்டுரையே எழுதிவிட்டார். 1982-ல் டொரன்டோவில் கோலபின்டோ மனிதர்களுக்குப் பலூனால் வழி போட்டார், அது தூர்ந்துபோனது. உலோக ஸ்டென்ட் வந்து, 1988-ல் ஜெர்மனியில்தான் வழி நிலைத்தது.

கடைசி ஆயுதமாகவே இதை வைத்திருந்தார்கள். 2010-ல் பார்சிலோனாவின் கார்சியா-பகான் குழு, ஆபத்து அதிகமான 63 பேரைப் பார்த்தது. 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் செய்தவர்களில் ஒரு வருஷம் கழித்து 86 சதவீதம் பேர் உயிரோடு. வழக்கமான சிகிச்சையில் 61. காத்திருந்தது தப்பு என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் பைபாஸில் போகிற ரத்தம் சுத்தமாகாமலே போகிறது. குடலின் அம்மோனியா நேராக மூளைக்கு. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழப்பம், பகல் தூக்கம், பேச்சுக் குழறல். அதனால் டாக்டர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்: "தினம் காலையில ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா. கோணலாச்சுன்னா, உடனே கூட்டிட்டு வாங்க."