துணியைக் கீழே வையுங்கள்

பள்ளிகளுக்குப் போய் பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிறவன் நான். தொலைநோக்கிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் கேட்பார்கள்: "சார், கண்ணாடி முழுக்கத் தூசு. துடைச்சிடட்டுமா?" கையைப் பிடித்துத் தடுக்காத குறைதான்.

டார்ச் ஒளி பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு துகளும் மின்னும். அதனால்தான் அந்தப் பயம். ஆனால் தூசு மறைக்கும் ஒளி மிகக் கொஞ்சம். தொலைநோக்கியின் ஆறங்குல ஆடிக்கு எதிரே, ஒளியைத் திருப்பிவிட ஒன்றரை அங்குலத்தில் ஒரு சிறிய ஆடி எப்போதும் நிற்கிறது. பரப்பில் பதினாறில் ஒரு பங்கை அதுவே மறைத்துவிடுகிறது. அப்படியும் சனியின் வளையம் தெரிகிறதே! 1970இல் டெக்சஸின் மெக்டொனால்ட் வானாய்வகத்தில் ஊழியர் ஒருவர் 107 அங்குல ஆடியைக் கைத்துப்பாக்கியால் பலமுறை சுட்டார். ஆடி உடையவில்லை. குழிகளால் இழந்த ஒளி ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அந்தத் தொலைநோக்கியில் ஆய்வு தொடர்ந்தது.

ஆடியைக் கெடுப்பது துணிதான். கண்ணாடிமேல் உள்ள அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தூசில் மணல் இருக்கும், அலுமினியத்தைவிடக் கடினமானது. வேட்டித் துணியாகவே இருந்தாலும், ஒரு தேய்ப்பில் விழும் கீறல் மறுபூச்சு வரை போகாது. காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடிக்குப் பூச்சிட வெற்றிடக் கலனே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எங்கே போகும்?

பல்லி எச்சம், விரல் ரேகை, பூஞ்சை பட்டால் கதை வேறு. அவை பூச்சையே அரிக்கும், கழுவத்தான் வேண்டும். அப்போதும் முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரில் பஞ்சை நனைத்து, விரலால் அழுத்தாமல், பஞ்சின் எடையிலேயே இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் புதுப் பஞ்சு. கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, சாய்த்து நிறுத்தி உலர விடுங்கள்.

தூசுக்குப் பயந்து தொலைநோக்கியை அலமாரியில் பூட்டிவைக்கும் தலைமை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாவியை அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பார்த்து முடித்ததும் பனி ஈரம் உலர்ந்தபின் மூடி போட்டு, குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கியிருக்கப் படுக்கவைத்தால் போதும்.