கரையைக் கழுவுகிறவர்கள்

கூவம் என்ற பெயரை நாம் ஒரு வசைச் சொல்லாக்கி வெகுகாலமாகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அங்கேதான் இருக்கிறது. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும்போது அந்த நீர் நாறுவதில்லை. சென்னைக்குள் வந்த பிறகுதான் நாறத் தொடங்குகிறது. ஆக, நாறுவது ஆறல்ல. நகரம்தான் ஆற்றின் வழியாக நாறுகிறது.

இதைச் சீராக்கத் திட்டங்களுக்குப் பஞ்சமிருந்ததில்லை. 1967இல் தொடங்கிய கூவம் மேம்பாட்டுத் திட்டம் 1973இல் படகுகளை விட்டது. படகுகள் விரைவில் காணாமற்போயின. 2015இல் 600 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு இன்னொரு திட்டம் வந்தது. ஆட்சிகள் மாறினாலும் கற்பனை மாறுவதில்லை: நடைபாதை, பூங்கா, கம்பிவேலி, கரைச்சுவர். ஆற்றைச் சுத்தம் செய்வது என்பது கரையைச் சுத்தம் செய்வதாகச் சுருங்கிவிட்டது.

அடிப்படைப் பிழை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளத்தடுப்பை ஒரு கோப்பிலும் கழிவுநீரை இன்னொரு கோப்பிலும் வைத்திருக்கிறோம். ஆற்றுக்கு நீர்வளத்துறை, மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி, சாக்கடைக்குக் குடிநீர் வாரியம். ஆனால் ஆற்றில் இம்மூன்றும் ஒன்றே. மழைநீருக்கென்று கட்டிய வடிகாலில் ஆண்டு முழுவதும் சாக்கடை ஓடுகிறது. அதன் கசடு ஆற்றின் படுகையில் படிந்து அதை மேடாக்குகிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குத் தெற்கே கடல் கொண்டுவந்து குவிக்கும் மணல் கூவத்தின் முகத்துவாரத்தை அடைக்கிறது. கோடையில் நாற்றமாகத் தேங்குவதும் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் நுழைவதும் ஒரே அடைப்பின் இரு முகங்கள். ஒன்றைத் தீர்க்காமல் மற்றதைத் தீர்க்க இயலாது.

அடுத்து, 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல். யாரை அப்படி அழைக்கிறோம்? 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நட்டது அரசு. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மீதே செல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. மதுரவாயல்-துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லி 2012இல் மாநில அரசே பணியை நிறுத்தியது. 2022இல் அதே சாலைக்கு, இம்முறை ஈரடுக்காக, மீண்டும் அடிக்கல். இவற்றுக்கெல்லாம் பெயர் வளர்ச்சி. கரையில் தகரக்கூரை போட்டவர் மட்டும் ஆக்கிரமிப்பாளர்.

"வெள்ளம் வந்தால் முதலில் சாவது அவர்கள்தானே, அவர்கள் நன்மைக்குத்தானே அகற்றுகிறோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அகற்றி எங்கே கொண்டுபோனோம்? செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும், அதாவது, தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலங்களுக்கு. 2015இல் செம்மஞ்சேரி மூழ்கியது. வேலையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனவர்களுக்கு வெள்ளம் மட்டும் விட்டுப்போகவில்லை. இதை மறுகுடியமர்த்தல் என்று அழைப்பது மொழிக்கே செய்யும் துரோகம்.

2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை வகைப்படுத்தியது. மனிதர்கள் என்றால் யார் என்பதுதான் நாம் கேட்கவேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நகரம் மறுபடி மூழ்கியபோதும் அக்கேள்வி கேட்கப்படாமலே தண்ணீர் வடிந்தது.

எனவே அடுத்த திட்டம் படகுகளின் வரைபடத்தோடு வரும்போது இரண்டைக் கேட்போம். மழைநீர் வடிகாலிலும் ஆற்றிலும் விழும் கழிவுநீர்க் குழாய்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் அடைபடும்? ஆற்றுக்குள் நிற்கும் அரசுக் கட்டுமானங்கள் எவை? இவ்விரு பட்டியல்களும் வெளிவரும்வரை ஒரு குடிசையைக்கூட அகற்றக் கூடாது. பூங்காக்கள் காத்திருக்கலாம்.