பேய் தேட ஒரு பெர்மிட்

நயாகராவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் ரொறொன்ரோவில் இருக்கிறதா? ஊரிலிருந்து ஆர் வந்தாலும் முதல் சனிக்கிழமை அங்கேதான். புரியாணிப் பார்சல், மடக்குக் கதிரை, மழைக்கோட்டு எல்லாம் காரில் ஏறும். அருவியைப் பார்த்து, படம் எடுத்து, பின்னேரம் பசி வந்தவுடன் லண்டிஸ் லேன் என்ற நீளமான தெருவில் மலிவான சாப்பாட்டுக்கடை தேடுவோம். அந்தத் தெரு ஒரு போர்க்களம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1814 யூலை 25ஆம் திகதி பின்னேரம் தொடங்கி நள்ளிரவு மட்டும் அங்கே சண்டை நடந்தது. கும்மிருட்டில் ஆர் எவர் என்று தெரியாமல் தங்கள் ஆட்களையே சுட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 1,700 பேர் வரை செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். யூலை மாத வெக்கையில் புதைத்து முடியவில்லை. கன உடல்களை விறகு அடுக்கி எரித்தார்கள். மேட்டில் இப்போது ஒரு சேமக்காலை இருக்கிறது. கீழே மோட்டல்களும் பீட்சாக் கடைகளும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட இடங்களில் இருட்டினபிறகு பேய் தேட அனுமதி வேண்டும் என்று கேட்கிற கூட்டம் ஒன்று வட அமெரிக்காவில் இருக்கிறது. சின்னக் கூட்டம் இல்லை. 2004இல் தொலைக்காட்சியில் பேய் வேட்டைக்காரர் நிகழ்ச்சி தொடங்கின நாளிலிருந்து ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள். கறுப்பு ரீசேட், முதுகில் சங்கத்தின் பெயர், கையில் மின்காந்த அலை அளக்கிற மீற்றர். (அந்த மீற்றர் சுவருக்குள் ஓடுகிற மின்கம்பியின் அலையைப் பார்க்கிறவர்கள் பாவிக்கிற சாமான். பேய்க்கும் அதுவே போதுமாம்.) இப்போது எங்கட பொடியள் சிலரும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், நல்ல கெட்டிக்காரன், பல்கலைக்கழகம் முடித்தவன், "அங்கிள், இந்தப் பெட்டிசனிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று அனுப்பியிருந்தான். போர்க்களப் பூங்காக்களை இரவிலும் திறக்கவேண்டுமாம், வரி கட்டுகிற சனத்தின் நிலத்தைப் பூட்டி வைக்க அரசாங்கத்துக்கு உரிமை இல்லையாம்.

வைக்கமாட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவில் கெற்றிஸ்பேர்க். 1863 யூலை 1 முதல் 3 வரை. மூன்று நாளில் செத்தவர், காயப்பட்டவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என்று 51,000 பேர் வரை கணக்குச் சொல்கிறார்கள். 1,300க்கு மேற்பட்ட நினைவுக்கற்கள் நிற்கிற பெரிய வெளி. பகலில் ஆரும் போகலாம், காசும் இல்லை. இருட்டினால் மூடிவிடுவார்கள், மூடினபிறகு உள்ளே நின்றால் தண்டம். பேய்க்காரருக்கு இதில்தான் கோபம். ஊருக்குள் பேய்ச் சுற்றுலாக்கள் மலிந்து கிடக்கின்றன. முந்தி அதே பூங்காவில் றேஞ்சராக வேலை செய்த ஒருவர் 1991இல் பேய்க்கதைப் புத்தகம் போட்டுத் தொடங்கிவைத்த வியாபாரம் அது. ஆனால் களத்துக்குள்ளே இரவில் விடமாட்டார்கள். அதனால் விண்ணப்பம், முறைப்பாடு, பெட்டிசன்.

அரசாங்கம் மூடுவதற்கு முதல் காரணம் பேயே இல்லை, கள்ளன். போர்க்களத்து மண்ணுக்குள் கிடக்கிற சன்னம், பொத்தான், இடுப்புப்பட்டிக் கொளுக்கி எல்லாவற்றுக்கும் சந்தையில் விலை இருக்கிறது. கூட்டாட்சி அரசின் நிலத்தில் அனுமதியில்லாமல் தொல்பொருள் தோண்டுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்குற்றம். இரவு ஒரு மணிக்கு ரோச் லைற்றும் பீப் பீப் என்று சத்தம் போடுகிற மிசினும் கொண்டு குனிந்து திரிகிறவன் பேய் தேடுகிறானா, பித்தளை தேடுகிறானா என்று றேஞ்சர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆனால் என்ர கோபம் வேறு.

அந்த மண்ணுக்குள் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வடக்குப் படையின் உடல்களைத் தேசிய சேமக்காலைக்கு மாற்றினார்கள். தோற்ற தெற்குப் பக்கத்தாரைக் கிடந்த இடத்திலேயே குழியில் தள்ளினார்கள். 1870களில்தான் தெற்கத்திப் பெண்கள் காசு சேர்த்து, ஒரு வைத்தியரைப் பிடித்து, 3,000க்கு மேற்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டி ஊருக்கு எடுத்தார்கள். அந்த மனிசனுக்குக் கொடுக்கவேண்டிய காசை முழுதாய்க் கொடுத்து முடிக்கவில்லை என்பது இன்னொரு கதை. எல்லாரும் அகப்பட்டார்களா? இல்லை. 1996இல் ரயில்பாதை வெட்டின இடத்தில், பார்க்க வந்த ஒருவரின் கண்ணில் எலும்பு பட்டது. வடக்கா தெற்கா என்று சொல்லமுடியாத ஒரு போர்வீரன். 133 வருசம் கழித்துக் கிடைத்தவனை 1997 யூலை 1ஆம் திகதி மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இப்படி இன்னும் கிடைக்காதவர்களின் தலைக்கு மேலே நின்றுகொண்டுதான் "இஞ்சை ஆரும் இருக்கிறியளா? இருந்தால் ஒருதரம் தட்டுங்கோ" என்று ரேப்றெக்கோடரை நீட்டுகிறார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். "அங்கிள், நாங்களும் செத்தவர்களைக் கூப்பிடுகிறோம்தானே, எட்டுக்குப் படைக்கிறமே, அது என்ன?" நல்ல கேள்வி. நான் பேய் இல்லை என்று சொல்ல வரவில்லை. பகுத்தறிவு வகுப்பெடுக்கிற வயதும் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் எட்டுச் செலவன்று என்ன செய்கிறோம்? செத்த மனிசனுக்குப் பிடித்த கறி காய்ச்சி, பலகாரம் சுட்டு, வாழையிலையில் படைத்துவிட்டுக் கொஞ்சநேரம் விலகி நிற்கிறோம். சாப்பிடட்டும் என்று. பிறகு அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய், நிம்மதியாய்ப் போய்ச் சேருங்கோ என்று அனுப்பிவிடுகிறோம். ஆரும் மீற்றர் வைத்து அளக்கிறதில்லை. "நீ எப்படிச் செத்தாய், நோந்ததா?" என்று விசாரணை வைக்கிறதில்லை. நாங்கள் அவருக்குக் கொடுக்கிறோம். இவர்கள் அவரிடமிருந்து எடுக்கப் போகிறார்கள், அதுவும் விடியமுதல் வீடியோவாய் ஏற்ற.

எங்கட வீட்டிலும் உடல் கிடைக்காத ஒருவன் இருக்கிறான். என்ர தம்பி. 2009 சித்திரை மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அம்மா அவனுக்கு அந்தியேட்டி செய்ய விடவில்லை, செய்தால் செத்தது என்று ஒப்புக்கொண்டதாய்ப் போய்விடும் என்று. இரவில் கதவு காற்றுக்கு அடித்தால் எழும்பிப் பார்க்கிற மனிசி அவ. கனடாவுக்கு வந்து, பதினாலாவது மாடியில் இருந்தபோதும் எழும்பிப் பார்த்தவ. அவவிடம் போய் இந்தச் சங்கத்துக் கருவியைக் காட்டி, "அம்மா, இதிலை லைற் எரிஞ்சால் ஆள் இருக்கிறார் எண்டு அர்த்தம்" என்று ஆரும் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவ நம்பிவிடுவா. அதுதான் பயம்.

"அது இப்ப நடந்தது, இது நூற்றறுபது வருசப் பழசு" என்று பெடியன் மறுமொழி எழுதினான். சரி, எத்தனை வருசத்தில் ஒரு சாவு விளையாட்டுச் சாமானாகிறது? ஒரு கணக்குச் சொல்லட்டும். கெற்றிஸ்பேர்க்கில் ஜென்னி வேட் என்று 20 வயதுப் பெட்டை. பிள்ளை பெற்றுக் கிடந்த அக்காவுக்குத் துணைக்குப் போயிருந்தவள். மூன்றாம் நாள் காலமை பாணுக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்க, வெளியிலிருந்து வந்த சன்னம் கதவைத் துளைத்து அவளில் பட்டது. அந்தச் சண்டையில் நேரடியாய்ச் செத்த ஒரே பொதுசனம் அவள்தான். அந்த வீடு இன்றைக்குக் காட்சிச்சாலை, பேய் பார்க்கவும் சனம் வருகிறது. கதவிலுள்ள துளைக்குள் கலியாணமாகாத பெண் மோதிரவிரலை விட்டால் கெதியாய்க் கலியாணம் சரிவருமாம்! மாக் குழைத்த கையோடு சன்னம் பட்டுச் செத்த சனம் எங்கட ஊரிலும் இருக்கிறது. இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு அவர்களின் பெயரும் தெரியும். அந்தக் கதவில் விரல் விடுவீர்களா?

இன்னொன்று. அதே களத்தில் "பிசாசின் குகை" என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. அங்கே கமரா வேலை செய்யாது, பற்றறி இறங்கிவிடும், பேயின் சேட்டை என்பார்கள். உண்மையில் அங்கே சேட்டை விட்டது கமராக்காரர்கள். சண்டை முடிந்த கையோடு வந்த படப்பிடிப்பாளர்கள் செத்துக் கிடந்த ஒரு பெடியனின் உடலை வேறு இடத்திலிருந்து இழுத்துக்கொண்டுவந்து, பாறைச் சுவரடியில் கிடத்தி, பக்கத்தில் துவக்கொன்றைச் சாத்திவைத்து எடுத்த படம்தான் உலகப் புகழ்பெற்ற அந்தக் "குறிசூட்டு வீரனின்" படம். 1975இல் வில்லியம் பிரசனிற்றோ என்ற ஆய்வாளர் படங்களை ஒப்பிட்டு எழுதினபிறகுதான் ஏமாற்று பரவலாய்த் தெரியவந்தது. செத்தவனைத் தன்ர காட்சிக்கு ஏற்றமாதிரி அரக்குகிற வேலை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அரசாங்கம் எல்லா இடமும் மறுக்கிறது என்றும் இல்லை. நயாகரா ஆற்றங்கரையில் உள்ள ஜோர்ஜ் கோட்டை கனடா அரசின் பூங்காத் திணைக்களத்துக்குச் சொந்தம். 1813இல் அமெரிக்கர் பிடித்த கோட்டை. 1990களிலிருந்து அங்கே இரவில் பேய்ச் சுற்றுலா நடக்கிறது, அனுமதியோடுதான். லாந்தர் பிடித்துக்கொண்டு ஒருவர் கதை சொல்லிக் கூட்டிப்போவார். ரிக்கற் காசில் கோட்டைக்கும் உதவி. எனக்கு இதில் பெரிய வழக்கில்லை. திண்ணையில் ஆச்சி சொன்ன முனிக்கதை மாதிரி அது. கேட்டுப் பயந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆரும் செத்தவனைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

வரலாற்றில் பேயை விசாரிக்க அரசனே அனுமதி கொடுத்த கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் எட்ஜ்ஹில், 1642 ஒக்ரோபர் 23. அரசன் முதலாம் சார்ள்ஸின் படையும் பாராளுமன்றப் படையும் மோதின இடம். நத்தார் நேரம் வானத்தில் அந்தச் சண்டை திரும்ப நடக்கிறது என்று இடையர்கள் ஓடிவந்து சொன்னார்கள். நீதவானும் பாதிரியாரும் போய்ப் பார்த்தார்கள். அரசன் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து அதிகாரிகளை அனுப்ப, அவர்களும் கண்டதாய்ச் சத்தியம் செய்தார்கள் என்று 1643 சனவரியில் அச்சான துண்டுநூல் சொல்கிறது. செத்த தோழர்களின் முகத்தை அடையாளம் கண்டார்களாம். எனக்கு இதில் பிடித்தது பேய் இல்லை. புதைக்காமல் விட்ட உடல் கிடக்குமோ, அதனால்தான் இந்தத் தொந்தரவோ என்று அந்தச் சனம் யோசித்திருக்கிறது. பேயைக் கண்டவுடன் மண்வெட்டியை நினைத்திருக்கிறார்கள்! எங்கட ஆச்சிமாரும் அதைத்தான் நினைத்திருப்பினம்.

அந்த எட்ஜ்ஹில்லின் பெரும்பகுதி இன்றைக்குப் பாதுகாப்பு அமைச்சின் வெடிமருந்துக் கிடங்கு வளவுக்குள். பேய்க்காரருக்கு மட்டுமில்லை, வரலாற்றாசிரியருக்கும் அனுமதி வேண்டும். இதை வாசித்தபோது கோப்பாய்தான் ஞாபகம் வந்தது. துயிலுமில்லத்தைக் கிளறி மட்டமாக்கி, அதன்மேல் கட்டின படைத் தலைமையகத்தை 2011இல் திறந்துவைத்தார்கள். தாய்மார் விளக்கேற்றப் பக்கத்துக் காணியும் தெருவோரமும் தேடினார்கள், அதற்கும் சில வருசங்களில் நீதிமன்றத் தடை. போர்க்களத்தில் இருட்டினபிறகு நிற்க அனுமதி கேட்கிறதென்றால் எங்களுக்கு அர்த்தம் அது. ஆகவே பெட்டிசனில் "உரிமை" என்ற சொல்லைக் கண்டவுடன் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பெடியன் கெட்டவனில்லை. அவன் பிறந்தது இங்கே. அங்கே நடந்த ஒன்றைப் பற்றியும் வீட்டில் ஆரும் அவனோடு இருந்து கதைக்கவில்லை. செத்தவர்களோடு ஏதோ பாக்கி இருக்கிறது என்று அவனுக்கும் உள்ளுக்குள் தெரிகிறதோ என்னவோ. ஆனால் ஆயிரம் கிலோமீற்றர் காரோடி முன்பின் தெரியாதவனிடம் "தட்டு" என்று கேட்கிறான். பதினாலாவது மாடியில் கதவைத் திறந்து பார்த்த மனிசியிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ விடியவிடியச் சொல்லியிருப்பா.

இரவில்தான் போகவேண்டும் என்றால் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. மேரிலாண்டில் அன்ரீற்றம். 1862 செப்ரெம்பர் 17, ஒரே நாளில் ஏறக்குறைய 23,000 பேர் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போன இடம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இருட்டினபிறகு அந்தக் களத்தைத் திறக்கிறார்கள், பூங்கா நிர்வாகமே அனுமதி கொடுத்து. தொண்டர்கள் பகல் முழுக்கக் குனிந்து குனிந்து வைத்த 23,000 மெழுகுதிரி, விழுந்த ஆளுக்கு ஒன்று. பெரிய லைற்றை அணைத்துவிட்டு, சின்ன லைற்றோடு, ஐந்து மைல் அளவுக்குக் கார்கள் ஊர்ந்துகொண்டு போகும். நிற்பாட்டக்கூடாது, இறங்கக்கூடாது. வரிசை நீளமாம், கனநேரம் காத்திருக்கவேண்டிவரும். காருக்குள் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ.