அந்த ஒன்றரை சதவீதம்

பயிரின் உடலில் 98.5 சதவீதம் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. மண்ணிலிருந்து வருவது 1.5 சதவீதம் மட்டுமே. ஆகவே பயிருக்கு வெளியிலிருந்து எந்த உரமும் போட வேண்டியதில்லை. ஜீரோ பட்ஜெட் இயற்கை விவசாயத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் சுபாஷ் பாலேக்கர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாதம் இது. விதர்பாவில் பிறந்த இந்த வாதம் இன்று தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களிலும் அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019இல் மத்திய பட்ஜெட் உரையிலேயே ஜீரோ பட்ஜெட் விவசாயம் இடம்பிடித்தது. அதே ஆண்டு தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதை நிரூபிக்கப்படாத முறை என்று சொல்லி எதிர்த்தபோது, உரக் கம்பெனிகளின் கைக்கூலிகள் என்பதுதான் ஆதரவாளர்கள் பலரிடமிருந்து வந்த பதில்.

கம்பெனிகளை ஒதுக்கிவைத்துவிட்டு வேதியியலைப் பார்ப்போம். கடன்பட்ட உழவனை மீட்க வேண்டும் என்ற பாலேக்கரின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் உழவனிடம் சொல்லும் கணக்கு பொய்க்கணக்கு. அதை நம்பி விதைப்பவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

முதலில் அவர் சொல்வதில் உள்ள உண்மை. ஒரு பயிரை உலர்த்திப் பகுத்துப் பார்த்தால் கார்பன் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆக்சிஜனும் ஏறத்தாழ அவ்வளவே. ஹைட்ரஜன் 6 சதவீதம். மூன்றும் சேர்ந்தாலே 95ஐத் தாண்டிவிடும். கார்பன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது, ஹைட்ரஜன் நீரிலிருந்து. இதில் சண்டையே இல்லை. பிளாண்டர்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டுவிட்டார். 200 பவுண்டு மண் நிரப்பிய தொட்டியில் வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு எடை கூடியிருந்தது. மண் குறைந்தது 2 அவுன்ஸ். மரம் முழுக்க நீராலேயே ஆனது என்று அவர் முடிவுகட்டினார். அந்த 2 அவுன்ஸை அவர் பொருட்படுத்தவில்லை. 1648இல், அவர் இறந்தபின் அச்சான அந்த முடிவுக்கு மன்னிப்பு உண்டு. அன்று கார்பன் டை ஆக்சைடு என்ன செய்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. 370 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே 2 அவுன்ஸை ஒதுக்கித் தள்ளுபவருக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

அளவில் சிறியது என்பதால் தேவையும் சிறியது என்பதுதான் இந்த வாதத்தின் முதுகெலும்பு. அறுபது கிலோ எடையுள்ள மனிதரின் உடலில் இரும்பு மூன்று, நான்கு கிராம் இருக்கும். நூறில் ஒரு பங்கில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அது குறைந்தால் இரத்தசோகையில் மூச்சு வாங்குகிறது. எடைக்கணக்கை வைத்து உயிரின் தேவையை அளக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பயிரில் நிலைமை இன்னும் தெளிவானது. காற்றிலிருந்து கார்பன் தானாக இலைக்குள் போய் அரிசி ஆகிவிடுவதில்லை. காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். பத்தாயிரம் மூலக்கூறுகளில் நான்கைந்து. அவற்றைத் தேடிப் பிடித்து சர்க்கரையாக்கும் வேலையை இலையில் ரூபிஸ்கோ என்ற நொதி செய்கிறது. மிக மெதுவான நொதி அது. நொடிக்கு ஒருசில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும். அதனால் பயிர் அதை ஏராளமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. பச்சை இலையில் உள்ள புரதங்களில் எதுவும் இதன் அளவுக்கு நிறைந்திருப்பதில்லை. எல்லாப் புரதங்களையும்போல அதற்கும் நைட்ரஜன் வேண்டும். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். வெயிலைப் பிடிக்கும் பச்சையத்தின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணுவைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள் நிற்கின்றன. சேர்த்த ஆற்றலைக் கடத்தும் ஏடிபி மூலக்கூறில் பாஸ்பரஸ். இலைத்துளையைத் திறந்து மூடப் பொட்டாசியம். அந்த 98.5ஐக் கொண்டுவந்து சேர்ப்பதே இந்த 1.5தான். தழைச்சத்தான நைட்ரஜன் குறைந்த வயலில் இலை வெளிறுகிறது, தூர் கட்டுவது நிற்கிறது. தலைக்கு மேல் காற்றும் வெயிலும் காலடியில் தண்ணீரும் அப்படியே இருக்க, பயிர் மட்டும் வளராமல் நிற்கிறது.

இங்கே பாலேக்கரின் ஆதரவாளர்கள் அடுத்த வாதத்தை எடுப்பார்கள். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே, அது போதாதா? போதாது. காற்றிலுள்ள நைட்ரஜனில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் இதைப் பிரிக்க வேண்டும். எந்தப் பயிராலும் அது முடியாது, விலங்குகளாலும் முடியாது. மின்னல் ஓரளவு உடைக்கிறது. அந்த வகையில் மழையோடு இறங்குவது ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில கிலோ. மற்றபடி, நைட்ரஜனேஸ் என்ற நொதி உள்ள சில நுண்ணுயிர்களால் மட்டுமே முடியும். அவையும் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி மூலக்கூறுகளைச் செலவழிக்கின்றன. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி பாழாகிவிடும். உளுந்துச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைக்கச் செடி செய்துவைத்திருக்கும், நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான நிறமி அது. செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுக்கிறது, பதிலுக்கு நைட்ரஜன் வாங்குகிறது. நெல்லுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் அப்படி ஒரு முடிச்சு இல்லை.

காற்றே தழைச்சத்து தந்துவிடும் என்று சொன்ன முதல் ஆள் பாலேக்கரும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் கரிம வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் சொன்னார். காற்றிலுள்ள அம்மோனியா மழையோடு இறங்கிப் பயிருக்குப் போதும் என்று நம்பி, நைட்ரஜன் இல்லாத உரம் ஒன்றைத் தயாரித்து 1840களில் விற்பனைக்கும் விட்டார். அது தோற்றது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை அவரைத் தவறென்று காட்டியது. சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மட்டும் போட்ட பாத்தியில் விளைச்சல் ஏறவில்லை, தழைச்சத்து சேர்த்தபோது ஏறியது. 1850களின் பிற்பகுதியில் அவர்கள் இவான் பியூ என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, சுட்ட மண்ணில், அம்மோனியா நீக்கிய காற்றில், கண்ணாடிக் கூண்டுக்குள் பயிர் வளர்த்துப் பார்த்தார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பயிர் எடுக்கவே இல்லை. பயறுவகைகளின் வேர்முடிச்சு ரகசியத்தை 1880களில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அவிழ்த்தார்கள். இந்த விவாதம் முடிந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிறது. முடிந்துபோன விவாதத்தைப் புதிய கண்டுபிடிப்பாக உழவனிடம் விற்பது நேர்மையான காரியம் அல்ல.

ராதம்ஸ்டெட்டின் அந்த வயலில் இன்றும் சோதனை நடக்கிறது. 1843 முதல் எதுவுமே போடாத பாத்தி ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கோதுமை தருகிறது. காற்றும் மழையும் மண்ணும் தாமாகத் தருவது அவ்வளவுதான். அதே வயலில் ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்ட பாத்தி, ரசாயன உரம் போட்ட பாத்திகளுக்குச் சளைக்காமல் விளைந்திருக்கிறது. இயற்கை உரம் விளைவிக்கும். ஆனால் அது பாலேக்கர் சொல்லும் பத்து கிலோ சாணத்தில் விளைவிப்பதில்லை.

அந்தப் பத்து கிலோவுக்கு வருவோம். ஜீவாமிர்தம் என்பது உரத்துக்குப் பதிலாக அவர் வயலில் விடச் சொல்லும் கரைசல். ஏக்கருக்கு அதைத் தயாரிக்க அவர் சொல்லும் அளவு: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். சாணத்தில் நைட்ரஜன் 50 கிராமுக்கு மேல் தேறாது. கோமியத்தில் தாராளமாக 100 கிராம். பயறு மாவில் 70 கிராம். எல்லாம் சேர்த்துக் கால் கிலோவுக்குள். பருவத்துக்கு நான்கு முறை விட்டாலும் ஒரு கிலோவைத் தொடாது. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் அறுத்தால் அந்த மணிகளோடு வயலைவிட்டுப் போகும் நைட்ரஜன் 22 கிலோ அளவு. வைக்கோலையும் கட்டி எடுத்துப்போனால் இன்னும் பத்து கிலோவுக்கு மேல். ஒரு கிலோ உள்ளே, முப்பது கிலோ வெளியே.

ஜீவாமிர்தம் உரமல்ல, நுண்ணுயிர்க் கலவை, அந்த நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தரும் என்பார்கள். சரி, அதையும் கணக்குப் போடுவோம். தனித்து வாழும் அசட்டோபாக்டர் ஒரு கிராம் சர்க்கரையை எரித்து 10 முதல் 20 மில்லிகிராம் நைட்ரஜன் பிடிக்கும். இரண்டு கிலோ வெல்லத்துக்கு அதிகம் போனால் 40 கிராம். மண்மேல் பரப்பும் வைக்கோல் மூடாக்கு அவற்றுக்கு உணவாகும் என்றால், வைக்கோலில் கார்பன் ஏராளம், நைட்ரஜன் சொற்பம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்கு வேண்டிய நைட்ரஜனை முதலில் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாட்டு மாட்டுச் சாணத்தில் கிராமுக்கு 300 கோடி நுண்ணுயிர்கள் என்று பாலேக்கர் சொல்லும் எண்ணைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். நல்ல வயல்மண்ணில் ஒரு கிராமிலேயே கோடிக்கணக்கில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது எண்ணிக்கை அல்ல, உணவு.

நீர் கட்டிய நெல்வயலில் நீலப்பச்சைப்பாசி வெயிலைக் கொண்டு நைட்ரஜன் பிடிப்பது உண்மை. ஏக்கருக்கு ஒரு போகத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ வரை அதனால் கிடைக்கலாம். தஞ்சை டெல்டாவில் நூற்றாண்டுகளாக உரமில்லாமலும் ஏதோ விளைந்ததற்கு அதுவும் காவிரி வண்டலும் காரணம். ஊடுபயிராகப் பயறு போடுங்கள் என்று பாலேக்கரும் சொல்கிறார். நல்ல யோசனை. ஆனால் காற்றே எல்லாம் தந்துவிடும் என்றால் பயறு எதற்கு? அவருடைய செய்முறையில் உருப்படியான பகுதியே அவருடைய வாதத்தை முறிக்கிறது.

காட்டுக்கு யார் உரம் போட்டார்கள் என்ற கேள்வியை முகாமில் கைதட்டலுக்கிடையே கேட்கிறார்கள். காட்டில் விழும் இலை அங்கேயே மட்குகிறது. பழம் தின்ற குரங்கு அங்கேயே எச்சமிடுகிறது, அங்கேயே சாகிறது. காட்டிலிருந்து யாரும் ஆண்டுக்கு இருமுறை மூட்டை கட்டிக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்புவதில்லை. வயல் அனுப்புகிறது. நெல்லோடு போன மணிச்சத்து நகரத்துச் சாக்கடையில் சேர்கிறது, திரும்பி வருவதே இல்லை. மணிச்சத்துக்குக் காற்றில் இருப்பே கிடையாது என்பதால் மேலே பார்த்துக் காத்திருக்கவும் வழியில்லை. மண்ணில் கட்டுண்டதை நுண்ணுயிர் விடுவிக்கும் என்பது ஓரளவு மெய். அது சேமிப்பை எடுத்துத் தின்பது; வரவு அல்ல.

இரண்டு மூன்று ஆண்டு நன்றாகவே விளைந்தது என்று சொல்லும் விவசாயி பொய் சொல்லவில்லை. இருபது ஆண்டு டிஏபி போட்ட மண்ணில் மணிச்சத்து மிச்சம் கிடக்கும். மட்கு கரைந்து தழைச்சத்து வெளிவரும். செலவு குறைந்ததால் கையில் நிற்கும் பணமும் கூடலாம். அவர் முந்தைய ஆண்டுகளின் உரத்தை அறுவடை செய்கிறார். அது தீரும் ஆண்டில் முகாம் நடத்தியவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

உரம் திடீரென நின்றால் என்ன நடக்கும் என்பதை இலங்கை பார்த்தது. அது பாலேக்கர் முறை அல்ல. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, ஒரே பருவத்தில் நாடே இயற்கைக்கு மாற வேண்டும் என்றார்கள். இயற்கை உரத்திலும் நைட்ரஜன் கிலோக்கணக்கு உண்டு, அதைத் திரட்ட மாட்டுத்தொழுவமும் தழையும் காலமும் வேண்டும் என்று விவரமறிந்தவர்கள் கத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் மகா போகம் கெட்டுவிட்டது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் சொந்த நெல்லை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது புள்ளிவிவரம் அல்ல.

யூரியாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வயலில் போடும் யூரியாவில் பாதிகூடப் பயிருக்குப் போவதில்லை. மிச்சம் அம்மோனியாவாகப் பறக்கிறது, நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாகி கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்கு புவியைச் சூடாக்குகிறது. மானியத்தில் மலிவாகக் கிடைப்பதால் அள்ளிக் கொட்டுகிறோம். இதைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுத தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 30 கிலோ அளவு நைட்ரஜன் தரும். கொழிஞ்சி, சணப்பு, அசோலா இருக்கின்றன. இராமநாதபுரத்துக் கீதாரிகள் டெல்டா வயல்களில் போடும் ஆட்டுக்கிடை இருக்கிறது. ஏரி வண்டலும் தொழு உரமும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் எங்கோ பிடிபட்ட நைட்ரஜனை எடைக்கு எடை வயலுக்குக் கொண்டுவருகின்றன.

என் கோபமெல்லாம் இங்கேதான். மாடு நைட்ரஜனைப் படைப்பதில்லை. தின்ற தீவனத்தில் இருந்ததைத்தான் வெளியேற்றுகிறது. டன் கணக்கில் தொழு உரம் போட்ட நம் முன்னோருக்கு இந்தக் கணக்கு அனுபவத்தில் தெரியும். யூரியாவின் இடத்தை உண்மையிலேயே நிரப்பக்கூடியது அந்தத் தொழு உரம். பாலேக்கரோ டன் கணக்கில் சாணம் தேவையில்லை, ஒரு நாட்டு மாடு முப்பது ஏக்கருக்குப் போதும் என்கிறார். மண்புழு உரத்தைக் கொடியது என்று தூற்றுகிறார். யூரியாவை விட்டுவிட்டு வந்த உழவனின் கையிலிருந்து குப்பைவண்டியையும் பிடுங்கிவிட்டு ஒரு பீப்பாய்த் தண்ணீரைக் கொடுக்கிறார்.