பிள்ளைக்காம்பராவின் பழைய பெயின்ட்

லயத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் கதவு, ஜன்னல் பெயின்ட் உரிந்து கிடந்தால் பார்வைக்குத்தான் குறை என்று நினைக்கிறோம். அது பூனாகலைப் பிள்ளைகளின் எலும்புப் பிரச்சினை. பெயின்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் கட்டாய உச்ச அளவு வந்தது 2013இல்தான். அதற்கு முன் பூசியதில் ஈயம் இருக்கலாம். தவழும் பிள்ளையின் கைவழியே அந்தத் தூசி வாய்க்குப் போகும். உடம்பு அதைக் கல்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவிடும். வருடக்கணக்கில் அங்கேயே தங்கும். கல்சியமும் இரும்புச்சத்தும் குறைந்த பிள்ளைகள் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுவார்கள். 2016 கணக்கெடுப்பின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதும் 17 பேர்.

பெயின்டை நிர்வாகம் பரிசோதிக்கட்டும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், காயச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டட்டும். பிள்ளைக்காம்பராவில் தினமும் பால் கொடுக்கட்டும். தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளக் கோரிக்கையோடு இதையும் எழுதிக் கொடுப்போம்.